மீட்டர் வெச்சுப் பாத்தியா கண்ணு?

"மேம், வேலை செய்ய மாட்டேங்குதுங்க மேம்."

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில், எலக்ட்ரானிக்ஸ் லேபில், இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இது காதில் விழாத நாள் கிடையாது. சொல்கிற முகம்தான் வருடத்துக்கு வருடம் மாறும். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "மீட்டர் வெச்சுப் பாத்தியா கண்ணு?"

பெரும்பாலும் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சென்சாரை மாற்றியிருப்பார்கள். போர்டை மாற்றியிருப்பார்கள். புரோகிராமில் நாலு வரியை அழித்துவிட்டு வேறு நாலு வரி போட்டிருப்பார்கள். பக்கத்து டேபிளில் ஓடுகிற சர்க்யூட்டைப் பார்த்து ஒயரை இடம் மாற்றிச் செருகியிருப்பார்கள். எதை எப்போது மாற்றினோம் என்பது அவர்களுக்கே மறந்துபோயிருக்கும்.

போன வருடம் மூன்றாம் ஆண்டில் இரண்டு பேர் தென்னந்தோப்புக்கு மண் ஈரம் காட்டும் கருவி செய்துகொண்டிருந்தார்கள். ஈஎஸ்பி32 போர்டு, மண்ணில் செருகும் சென்சார்; படித்த எண்ணை வைஃபை வழியாக போனுக்கு அனுப்ப வேண்டும். சென்சாரை மட்டும் தனியாகப் படித்தபோது எண் ஒழுங்காக வந்தது. வைஃபை பகுதியைச் சேர்த்ததும் வந்ததெல்லாம் அர்த்தமில்லாத எண்கள். சென்சார் போய்விட்டது என்று முடிவு கட்டி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சென்சார் வாங்கிவிட்டார்கள். நான்காவதுக்குக் கையில் காசு இல்லாதபோது என்னிடம் வந்தார்கள்.

மீட்டரை வைக்கச் சொன்னேன். சென்சாரின் வெளியீட்டில் 1.8 வோல்ட். வைஃபையை நிறுத்திப் பார்த்தார்கள், அதே 1.8. போட்டுப் பார்த்தார்கள், அதே 1.8. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "சென்சார் சரியாத்தாங்க மேம் சொல்லுது. போர்டுதான் தப்பாக் கேக்குது." அதற்குப் பிறகு டேட்டாஷீட்டைத் திறக்க நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தச் சிப்புக்குள் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டாவதை வைஃபை தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். இவர்கள் ஒயரைச் செருகியிருந்த 26-ஆம் கால் அந்த இரண்டாவதைச் சேர்ந்தது. ஒயரைப் பிடுங்கி 34-இல் செருகினார்கள். எண் வந்தது.

26 என்று அவர்கள் சொன்ன நொடியே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் நான் கடைசியாகக் கற்றுக்கொண்டது. மிகவும் பாடுபட்டுக் கற்றுக்கொண்டதும் அதுதான்.

நான் படித்த காலத்து லேப் வேறு மாதிரி. டேபிளுக்கு ஒரு டிரெய்னர் கிட். மூடிய பெட்டி, மேலே சர்க்யூட் அச்சடித்திருக்கும். இந்தத் துளையிலிருந்து அந்தத் துளைக்கு பேட்ச் கார்டைச் செருகினால் ரீடிங் வரும். வராவிட்டாலும் கவலையில்லை, சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கும். டயோடு கிராஃப் வரைந்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. புத்தகத்தில் 0.7 வோல்ட்டில் கோடு மேலே வளைய வேண்டும். எனக்கு 0.6-க்கும் கீழேயே வளைந்துவிட்டது. ரப்பர் எடுத்து அழித்து, புள்ளிகளை வலப்பக்கம் நகர்த்தி, 0.7-இல் வளைத்தேன். கையெழுத்து கிடைத்தது, நல்ல மார்க்கும் கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்து, அதே டயோடைப் பாடம் எடுக்க உட்கார்ந்தபோதுதான் நான் அழித்தது என்ன என்று தெரிந்தது. சிலிக்கான் டயோடில் ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் மட்டும் பாயும்போது வோல்டேஜ் 0.6-ஐ ஒட்டித்தான் இருக்கும். அதற்கு மேல், சூடு ஒரு டிகிரி ஏறினால் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். நான் அளந்தது ஏப்ரல் மாதம், தகரக் கூரை போட்ட லேபில். என் ரீடிங் சரி. அந்த அறையின் வெக்கை உட்பட எல்லாவற்றையும் அது உண்மையாகச் சொல்லியிருந்தது. நான்தான் அதை அழித்தேன். அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. ஆசிரியராகி முதல் ஐந்தாறு வருடம், அதேபோல் அழித்துத் திருத்திய நூற்றுக்கணக்கான கிராஃப்களில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நம் மாநிலத்தில் பொறியியல் படிப்பு தொடங்கிய கதையைப் பிற்பாடு படித்தேன். 1794-இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளிதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. நிலத்தில் இறங்கி அளக்க ஆள் வேண்டும் என்றுதான் அந்தப் பள்ளியே வந்தது. அளப்பதற்காகப் பிறந்த படிப்பில், அளந்த எண்ணை அழிக்கப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டோமே என்ற வருத்தம் அதைப் படித்தபோது வந்தது. இன்னும் போகவில்லை.

என் பாடம் நடத்தும் விதத்தை மாற்றியது ஒரு எரிந்துபோன மோட்டார்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. இறுதியாண்டில் பல்லடம் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவன் அப்புச்சியின், அதாவது தாய்வழித் தாத்தாவின், தோட்டத்தில் எழுநூறு அடி போர், ஏழரை எச்.பி. நீர்மூழ்கி மோட்டார். அந்த வருடம் போரில் தண்ணீர் வந்தும் வராமலும் இருந்தது. மோட்டார் இரண்டு தடவை எரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் பைப்பை உருவி மோட்டாரை மேலே தூக்கும் கூலி, காயில் கட்டும் கூலி, திரும்ப இறக்கும் கூலி. புராஜெக்ட் தலைப்பு கேட்டு நான் கூப்பிட்டபோது மற்றவர்கள் முகம் அடையாளம் காண்பது, குரலில் வீட்டு விளக்கைப் போடுவது என்று எழுதிக் கொடுத்தார்கள். இவன் மட்டும், "தண்ணி இல்லீன்னா மோட்டார் தானா நிக்கணுங்க மேம்" என்றான்.

கடையில் அதற்குக் கருவி விற்கிறது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அது எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். உள்ளே பேரிங்குக்கு வழுவழுப்பு கொடுப்பதும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் அடங்காத சூடு, பிறகு காயில் போகும். எழுநூறு அடிக்குக் கீழே சென்சார் வைப்பது சுலபமில்லை. ஆனால் மேலே, ஸ்டார்ட்டர் பெட்டியில், மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை அளக்கலாம். தண்ணீர் இல்லையென்றால் மோட்டாருக்குச் சுமை இல்லை, சுமை இல்லையென்றால் கரண்ட் ஏறக்குறைய பூஜ்யம். இதுதான் அவனும் கூட இருந்த மூன்று பேரும் எழுதிக் கொடுத்த திட்டம். நானும் ஒப்புக்கொண்டு அனுப்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியில் இருப்பது 415 வோல்ட், மாணவர்கள் கை வைக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஊர் வயர்மேன் வந்து, மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து கொடுத்தார். கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை ஒரு ஃபேஸ் ஒயரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்றோம். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் வந்தது, 14 ஆம்பியர். இருபது நிமிடத்தில் பைப்பில் காற்றும் தண்ணீரும் மாறி மாறி வந்து, கடைசியில் காற்று மட்டும் வந்தது. டாங் டெஸ்டரில் 8. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தோம். பூஜ்யத்தின் பக்கம்கூட அது போகவில்லை.

அந்த நால்வரும் நான்காவது செமஸ்டரில் இண்டக்‌ஷன் மோட்டார் படித்தவர்கள். சுமை இல்லாவிட்டாலும் காந்தப்புலத்தை உண்டாக்க மோட்டார் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும் என்று பதினாறு மார்க் கேள்விக்குப் படம் போட்டு எழுதியவர்கள். தோட்டத்து வேப்பமரத்தடியில், அந்த 8-ஐப் பார்த்தபோதுதான் அது அவர்களுக்கு உண்மையானது. "மேம், நாமதான் எழுதியிருக்கோமே இதை!" என்று ஒருவன் தலையில் கை வைத்துக்கொண்டான். என் வகுப்பில் நான் எடுத்த எந்தப் பாடமும் யாரையும் அப்படித் தலையில் கை வைக்க வைத்ததில்லை.

அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, டெலிவரி பைப்பில் உள்ளங்கையை வைத்தார். "இதுல கைய வெச்சாத் தெரியும் கண்ணு. தண்ணி இருந்தா ஒரு அதிர்வு, இல்லீன்னா வேற." என் கையையும் பிடித்து வைத்தார். வித்தியாசம் தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கை வைக்க ஆள் இல்லாததால்தான் மோட்டார் எரிந்தது. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த காலம் அது.

சரி, பத்துக்குக் கீழே போனால் நிறுத்து என்று புரோகிராம் எழுதிவிடலாம் என்றார்கள். எழுதும் முன்னால் பதினைந்து நாள் ரீடிங் எடுக்கச் சொன்னேன். அங்கே அப்புச்சியே எங்களுக்காக ரீடிங் எடுப்பவர் ஆனார். ஒரு பழைய நோட்டில் மணி, வோல்டேஜ், கரண்ட், தண்ணீர் உண்டா இல்லையா என்று பென்சிலில் எழுதி வைத்தார். அந்த நோட்டு வந்ததும் திட்டம் மறுபடி உடைந்தது. வோல்டேஜ் நன்றாக ஏறியிருந்த ஒரு பின்னிரவில், தண்ணீர் இல்லாமலேயே 10 ஆம்பியர் காட்டியிருந்தது. வோல்டேஜ் ஏறினால் காந்தப்புலத்துக்கான கரண்ட்டும் ஏறும். ஆக ஒரே எண்ணை எல்லையாக வைக்க முடியாது. அந்தந்த நேரத்து வோல்டேஜுக்கு ஏற்ப எல்லையும் நகர வேண்டும். கூடவே, குறைந்த கரண்ட் எட்டு விநாடி தொடர்ந்து நின்றால்தான் நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு காற்றுக் குமிழ் வந்ததற்கெல்லாம் மோட்டார் நிற்கக் கூடாது. இந்த இரண்டும் எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை. அந்த நோட்டிலிருந்து வந்தன.

கருவிக்குள் கரண்ட்டை அளக்க, ஒயரை வெட்டாமல் மேலே கவ்விக்கொள்ளும் சின்ன கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினார்கள். நூறு ஆம்பியர் போனால் ஐம்பது மில்லிஆம்பியர் தரும் வகை. 33 ஓம் ரெசிஸ்டரை அதன் குறுக்கே போட்டுப் பார்த்தால், 14 ஆம்பியருக்குக் கால் வோல்ட்கூட வரவில்லை. அர்டுயினோ 5 வோல்ட்டை 1024 படியாகப் பிரித்துப் படிக்கும். இவ்வளவு சின்ன அலை அந்தப் படிகளில் ஒரு சிறு பகுதிக்குள் முடங்கிவிடும். ஆம்ப்ளிஃபையர் போடலாமா என்று மூன்று நாள் பேசினார்கள். எங்கள் லேப் அசிஸ்டண்ட் அண்ணன் அந்த வழியாகப் போனவர் நின்று கேட்டார்: "ஒயர மூணு சுத்து சுத்தி உள்ள விட்டா என்னப்பா?" அவ்வளவுதான். மூன்று சுற்றுக்கு மூன்று மடங்கு. முக்கால் வோல்ட்டை நெருங்கியது. டிரான்ஸ்ஃபார்மர் பாடத்தின் முதல் சமன்பாடு அது. அண்ணன் ஐடிஐயில் படித்து, கையால் காயில் சுற்றிப் பழகியவர். அன்றிலிருந்து புராஜெக்ட் ரிவ்யூவுக்கு அவரும் எங்களோடு உட்கார வேண்டும் என்று கேட்டுப் பெற்றேன்.

அலை பாதியாக வந்ததையும் சொல்ல வேண்டும். ஏசி கரண்ட் மேலும் கீழும் போகும். அர்டுயினோவுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே படிக்கத் தெரியாது. கீழ்ப்பாதி காணாமல் போயிருந்தது. இரண்டு சம ரெசிஸ்டரால் 2.5 வோல்ட்டில் ஒரு மேடை கட்டி, அலையை அதன்மேல் ஏற்றினார்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு வரை கரண்ட் பாயும். அது போர்டை எரித்துவிடாமல் இருக்க ஒரு ரெசிஸ்டரும் இரண்டு டயோடும்.

இத்தனைக்கும் பிறகு என் கேள்வியே தோற்ற ஒரு நாள் வந்தது. மோட்டார் நின்றால் அப்புச்சிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்று சிம்800எல் என்ற சின்ன ஜிஎஸ்எம் போர்டைச் சேர்த்திருந்தார்கள். லேபில் செய்தி போனது. தோட்டத்தில் வைத்தால் போர்டு தானாக அணைந்து அணைந்து எரிந்தது. அந்தப் பையன் போனில் கூப்பிட்டான். "மீட்டர் வெச்சுப் பாத்தியா?" "வெச்சுப் பாத்தேங்க மேம். 4.1 வோல்ட் சரியா இருக்குங்க." அவன் சொன்னது உண்மை. எனக்கும் உடனே பிடிபடவில்லை.

அடுத்த வாரம் எக்ஸ்பைஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போனோம். டெல்லியில் இருக்கும் இண்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரில், ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தின்கீழ் உருவான கருவி அது. உள்ளங்கை அளவுதான், லேப்டாப்பில் செருகினால் ஆசிலாஸ்கோப் போல அலையைக் காட்டும். கல்லூரியின் பெரிய ஸ்கோப்பைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போக முடியாது. இது பைக்குள் வரும். சப்ளையில் வைத்ததும் திரையில் தெரிந்தது. 4.1 வோல்ட் கோடு, சீப்பின் பல் மாதிரி விட்டுவிட்டுக் கீழே குத்திக்கொண்டிருந்தது, 3.2 வரை. ஜிஎஸ்எம் தொடர்ச்சியாகப் பேசுவதில்லை. 4.6 மில்லிவிநாடிக்கு ஒரு தடவை, அரை மில்லிவிநாடிக்குச் சற்று கூடுதலாக, வெடித்துப் பேசும். அந்த நேரத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மல்டிமீட்டர் அதை உணர முடியாத அளவு மெதுவானது, சராசரியைத்தான் காட்டும். கல்லூரி அருகே டவர் இருந்ததால் அங்கே போர்டு மெல்லப் பேசினால் போதும். தோட்டத்தில் டவர் தூரம், முழுச் சக்தியில் கத்த வேண்டும். 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றைப் போர்டின் காலருகே வைத்து, மெல்லிய நீள ஒயரை எடுத்துவிட்டுத் தடித்த குட்டை ஒயர் போட்டதும் நின்றது.

திரும்பி வரும் வழியில் அவன் கேட்டான்: "அப்ப மீட்டர நம்பக் கூடாதுங்களா மேம்?" மீட்டருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையும் தெரிந்துகொண்டு நம்ப வேண்டும் என்றேன். பல்லடம் தாண்டும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

அந்த வருடத்துக்குப் பிறகு என் லேபில் அப்சர்வேஷன் நோட்டின் உருவம் மாறியது. பக்கத்துக்கு மூன்று பத்தி. முதலாவது, நினைச்சது. இரண்டாவது, கண்டது. மூன்றாவது, ஏன். சப்ளையைப் போடும் முன் முதல் பத்தியில் எண்ணைப் பேனாவில் எழுதிவிட வேண்டும். பென்சிலுக்கு அனுமதி இல்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தால் மூன்றாவதில் எழுத ஒன்றுமில்லை. இரண்டும் வேறாக இருக்கும் இடத்துக்குத்தான் நான் அதிக மார்க் போடுகிறேன். முதலில் மாணவர்கள் நம்பவில்லை. 'தப்பான' ரீடிங்குக்கு முழு மார்க் வாங்கிய ஒரு பெண், நோட்டைக் கொண்டுவந்து, "மேம், தெரியாம மார்க் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். டயோடு கிராஃபை நான் அழித்த கதையை அவளிடம் முழுதும் சொன்னேன். சீமோர் பேப்பர்ட் 1980-இல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில், குழந்தை தன் புரோகிராமில் பிழையைத் தேடித் திருத்துவதைக் கற்றலின் மையத்தில் வைக்கிறார். மாணவியாக இருந்தபோது அந்த நூல் என் கைக்கு வந்திருந்தால் ரப்பரை எடுத்திருக்க மாட்டேன் என்று நினைப்பேன்.

சிமுலேஷனைப் பற்றிக் கேட்பார்கள். 2020-இல் கல்லூரி மூடிக் கிடந்தபோது டிங்கர்கேட்தான் எங்களைக் காப்பாற்றியது. கையில் ஒரு ரெசிஸ்டர்கூட இல்லாத பிள்ளைகள் போனிலேயே சர்க்யூட் கட்டினார்கள். எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் இணைத்தால் திரையில் வெடித்துக் காட்டும். பயமில்லாமல் எரித்துப் பழகலாம். அந்த வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒயர் தளர்வதில்லை, பேட்டரி இறங்குவதில்லை. லேப் திறந்த பிறகு அந்த பேட்ச் பிரெட்போர்டு முன் உட்கார்ந்தபோது பாதிப் பேருக்குச் சர்க்யூட்டின் ஒரு பாதி மட்டும் வேலை செய்தது. நீளமான பிரெட்போர்டு சிலவற்றில் ஓரத்துச் சப்ளை வரிசை நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்புக் கோட்டில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும், அவ்வளவுதான். அன்று மீட்டரை வரிசை நெடுக நகர்த்தி அந்த வெட்டைக் கண்டுபிடித்தவர்கள், அதன்பின் எந்தப் போர்டையும் நம்பி எடுப்பதில்லை. இப்போது சிமுலேஷனை முதல் பத்திக்குப் பயன்படுத்துகிறேன். திரை சொன்ன எண் 'நினைச்சது'. மேசை சொன்னது 'கண்டது'.

புரோகிராமை இப்போது சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. நான் தடுக்கவில்லை, நல்ல பேட்டை எங்கே கிடைத்தாலும் பையன் எடுத்து ஆடத்தான் செய்வான். இரண்டாமாண்டுப் பையன் ஒருவனுக்கு அது ஸ்விட்சை அழுத்தினால் எல்இடி எரியும் புரோகிராம் கொடுத்தது. எழுத்துக்கு எழுத்து சரி. ஆனால் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் இருப்பதாக அது எண்ணிக்கொண்டது. இவன் மேசையில் அது இல்லை. கையை அருகே கொண்டுபோனாலே எல்இடி துடித்தது. பேய் மாதிரி இருக்கிறது என்று மூன்று டேபிள் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். எங்கும் கட்டாமல் அந்தரத்தில் விட்ட கால், கை வழியே வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஸ்விட்ச் அழுத்தமென்று எண்ணிப் படித்துக்கொண்டிருந்தது. அவன் மேசையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அங்கே கை வைத்துப் பார்க்கக்கூடியவன் அவன் ஒருவன்தான். அதை அவனிடம் சொன்னேன். அந்தப் புல்-அப் ரெசிஸ்டரைப் போட்டதும் கூட்டம் கலைந்தது.

கை வைப்பது என்று வந்ததால் இதைச் சொல்லியாக வேண்டும். நான்கு பேர் கொண்ட பேட்சில், இரண்டு பையன்கள் ஒயரைப் பிடிப்பார்கள், ஒருவன் லேப்டாப்பைப் பிடிப்பான், பெண் பிள்ளை ரெக்கார்டு எழுதுவாள், பிபிடி செய்வாள். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அவள் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பார்கள். இதைப் பல வருடம் நான் கவனிக்கவே இல்லை. நானும் ஒரு பெண், என் கையிலும் ஒரு காலத்தில் ரெக்கார்டு நோட்டுத்தான் இருந்தது, இருந்தும் கவனிக்கவில்லை. இறுதி வைவா முடிந்து விடைபெற வந்த மாணவி ஒருத்தி, போகிற போக்கில், "நாலு வருஷத்துல சால்டரிங் அயர்னை ஒரு தடவகூட தொட்டதில்லைங்க மேம், அது ஒண்ணுதான் குறை" என்றாள். அன்று சாயங்காலமே அவளை லேபுக்கு அழைத்துப் போய், ஒரு பழைய போர்டைக் கொடுத்து உட்கார வைத்தேன். ஈயத்தை அயர்னில் உருக்கிப் பூசக் கூடாது. போர்டின் பேடையும் கம்பியின் காலையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும், ஈயம் தானாக ஓடிப் பற்றும். பளபளவென்று சின்னக் கூம்பாக நின்றால் நல்ல இணைப்பு, மங்கலாக உருண்டு நின்றால் பிடிக்கவில்லை. பத்தாவது இணைப்பில் கூம்பு வந்தது. இரவு ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடினாள். மறு வாரத்திலிருந்து என் லேபில் வேலை சுற்றி வருகிறது. இந்த வாரம் அயர்ன் பிடித்தவர் அடுத்த வாரம் எழுத வேண்டும், எழுதியவர் மீட்டர் பிடிக்க வேண்டும். அதில் விலக்கு யாருக்கும் கிடையாது.

என் கையைப் பற்றியும் ஒன்று. தொடக்க வருடங்களில் ரிவ்யூவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பையனின் ரோபோ நகரவில்லை. ஒன்பது வோல்ட் சதுர பேட்டரியில் இரண்டு மோட்டாரை ஓட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் வோல்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆனது. நான் வேறு பேட்டரி பேக்கைச் செருகி, கிரவுண்டைச் சேர்த்துக் கட்டி, இரண்டு நிமிடத்தில் ஓட வைத்துவிட்டேன். ரிவ்யூவில் பாராட்டு. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர், "எப்படிப்பா சரி பண்ணினே?" என்று அன்பாகத்தான் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு, மாணவர் மேசையருகே ஸ்டூல் போட்டு உட்காரும்போது இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளப் பழகினேன்.

பணம் கொடுத்து வாங்கி வரும் புராஜெக்டுகள் எல்லா ஊரிலும் உண்டு. பளபளப்பான பெட்டி, அச்சடித்த ரிப்போர்ட், மனப்பாடம் செய்த விளக்கம். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அந்தப் பிள்ளைகளைக் கோபிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஏழு செமஸ்டர் கையில் எதையும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, எட்டாவதில் பெரிதாக ஒன்று செய் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? அதனால் இரண்டாமாண்டு முதல் வாரமே தொடங்கிவிடுகிறேன். ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ஒரு பேட்டரி. எத்தனை மில்லிஆம்பியர் போகும், எழுது. இப்போது அள. பத்து ரூபாய்ச் செலவு. அதில் நினைச்சதும் கண்டதும் ஒத்துப்போகாத பிள்ளை வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து நிற்கும்.

அப்புச்சி வீட்டுப் பெட்டி பல வருடம் ஓடியது. அந்தப் பையன் இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறான். போன ஆடியில் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். மோட்டாரை நிறுத்த மறுக்கிறதாம். அவன் திறக்கப் போனபோது வேண்டாம் என்று சொல்லி, இரண்டாமாண்டுப் பிள்ளைகள் மூன்று பேரைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். மூடியைக் கழற்றினார்கள். உள்ளே மண்ணும் எறும்புகளும். ஒருத்தி எறும்பை ஊதப் போனாள். இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் நோட்டைத் திறந்து எழுதினாள். நினைச்சது: ரிலே காண்டாக்டில் எறும்பு, ஒட்டிக்கொண்டது. பிறகு மீட்டர் முனைகளை வைத்தார்கள். ரிலே சுத்தமாகத் திறந்து மூடியது. இரண்டாவது பத்தியில் அதை எழுதினார்கள்.

மூன்றாவது பத்தி காலியாக இருந்தது. மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை. நானும் அவனும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். அவன் கைகளும் மடியில் இருந்தன.